நோய் தீர்ந்தபின் எஞ்சும் கடமை

உயிர் காக்கும் சிகிச்சையே பல்லாண்டுகளின் பின் வேறொரு நோய்க்கு வித்தாகுமாயின், அதனை அளிப்பது அறமாகுமா? ஹல்துமுல்லைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து கேட்கும்போதுதான் இவ்வினாவின் முழுக் கனமும் நமக்கு விளங்கும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்ட சிலருக்குப் பையை அறுத்தகற்றாமலே உயிர் காக்கக் கதிர்ச் சிகிச்சை உதவுகிறது. கதிர், புற்றுக் கலங்களின் மரபுப்பொருளைச் சிதைத்து அவற்றை அழிக்கிறது. அயலிலுள்ள நல்ல கலங்களும் தாக்குறுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும், அன்றேல் மடியும். மிகச் சிலரிடத்தில் மட்டும், பிழையாகச் செப்பனிடப்பட்ட கலமொன்று பல ஆண்டுகள் கழித்து மலக்குடலிலோ, எலும்பிலோ, அப்பையிலேயோ புதிய புற்றாக முளைக்கிறது. றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இல். அக்கதிரால் விளைந்த தோற் புற்று 1902இலேயே பதிவாயிற்று. கதிரூட்டப்பட்ட எலும்பில் எழும் சார்க்கோமா என்னும் அரிய புற்றை, 1948இல் நியூயோர்க் வைத்தியர் கேஹனும் தோழர்களும் 11 நோயாளரிடம் ஆராய்ந்து, அதனை இனங்காணும் விதிகளை வகுத்தனர்.

ஆகவே ஆபத்து உண்மை. அது அரிது என்பதும் உண்மை. என்றோ வரக்கூடியதற்கு அஞ்சி, இன்று கொல்லும் நோய்க்குச் சிகிச்சையை மறுப்பது அறிவன்று. ஆயின், அரிது என்பதையே சாட்டாக வைத்து நோயாளியிடம் மௌனம் காப்பது முறையா?

ஹல்துமுல்லையைத் தொட்டுச் செல்லும் அதே ஏ4 வீதிதான் பலாங்கொடை, இரத்தினபுரி கடந்து, புற்றுநோய் வைத்தியசாலையுள்ள மகரகமையையும் அடைகிறது. அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமில்லை. எனினும், போய்வரும் நாள் தொழிலாளிக்குச் சம்பளமற்ற நாள். பஸ் காசும் அவர் கையிலிருந்தே. சுகமாயிற்று என்றபின் அவர் எதற்காக மீண்டும் செல்வார்? பதினைந்து ஆண்டுகளின் பின் சிறுநீரில் இரத்தம் கண்டால், உடற்சூடு என்று கசாயம் குடித்துப் பொறுத்திருப்பார். அது கதிரின் புண்ணாகலாம், பழைய நோயாகலாம், புதிய புற்றுமாகலாம். எதுவாயினும் உடன் காட்டவேண்டும் என்பதை அவருக்கு உரைத்தவர் யார்?

சிகிச்சையின் அறம் நோய் தீர்வதோடு முடிவதில்லை. எந்த உறுப்புக்கு, எந்த ஆண்டில், எவ்வளவு கதிர் என்பதைத் தமிழில் எழுதிய அட்டை அவர் கையில் இருக்கவேண்டும். தோட்ட டிஸ்பென்சரியும் அதை அறியவேண்டும். பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குச் சம்பளம் வேண்டும். இவற்றைக் கோருவது கதிரைப் பழிப்பதாகாது. கதிர் மீட்டுத்தந்த உயிருக்கு முழு மதிப்பளிப்பதே ஆகும்.