அஜாக்ஸின் தெளிவு

மனம் பிறழ்ந்த வேளையில் ஒருவன் செய்ததற்கு அவனே பொறுப்பாவானா என்பது அறவியலின் பழைய கேள்வி. போரிலிருந்து மீண்டவனுக்கோ, உலகம் பழியிலிருந்து விடுவித்த பின்னும் தன்னைத் தானே விடுவிக்க இயலாமை என்னும் மற்றொரு துன்பமும் உண்டு. படைத்தலைவராகவும் பணியாற்றிய சோஃபக்ளீஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இயற்றிய ‘அஜாக்ஸ்’ நாடகம் இத்துன்பத்தையே ஆராய்கிறது.

டிராய்ப் போரில் இறந்த கிரேக்க வீரன் அக்கிலீஸின் போர்க்கவசம் சக வீரன் ஒடிசியஸுக்கு வழங்கப்பட்டதால் மானமிழந்த கிரேக்க வீரன் அஜாக்ஸ், தன் படைத்தலைவர்களைக் கொல்ல இரவில் வாளோடு புறப்படுகிறான். அதீனா தேவி அவன் கண்களை மயக்கவே, படையின் கால்நடைகளை எதிரிகளாகக் கண்டு வெட்டிச் சாய்க்கிறான். செம்மறிக்கடா ஒன்றைக் கூடாரத்தில் கட்டிவைத்துச் சாட்டையால் விளாசுகிறான். மெய்யுலகின் மீது மனத்துக்குள்ள பிடி தளரும் இத்தகைய நிலையை இன்றைய மருத்துவம் சைக்கோசிஸ், அதாவது உளப்பிறழ்வு என்கிறது. இல்லாததைக் காண்பதும் கேட்பதும் மாயப்புலனுணர்வு, எச்சான்றுக்கும் அசையாத பொய்ந்நம்பிக்கை மருட்சி. மாண்ட தோழனின் குரல் துக்கத்தில் ஒருகணம் கேட்பதாலேயே ஒருவரை நோயாளி என்றுவிட முடியாது. ஆனால் அக்குரல் ஆணையிடத் தொடங்கினாலோ, எல்லோரும் தம்மை வேவு பார்க்கிறார்கள் என்ற ஐயம் இறுகினாலோ, பேச்சு கோவையிழந்து உறக்கமும் குளியலும் உணவும் குலைந்தாலோ மருத்துவ உதவியைத் தள்ளிப்போடலாகாது.

பித்தில் அஜாக்ஸ் மகிழ்ந்திருந்தான், அருகிலிருந்தோர் வருந்தினர். தெளிந்த பின்னரோ அவனும் சேர்ந்து வருந்துகிறான் என்று அவன் துணைவி தெக்மெஸ்ஸா உணர்ந்து சொல்லும் இடமே நாடகத்தின் உயிர்நிலை. நோய் தணிவதையே நலமாகக் கருதும் எளிய எண்ணம் இங்கே உடைகிறது. செய்ததை முழுமையாகக் காணும் அறிவு திரும்பும்போதுதான் வெட்கமும் குற்றவுணர்வும் உயிருக்கே ஊறாகின்றன. 2008 முதல் அமெரிக்கப் படையினரும் அவர்தம் குடும்பத்தினரும் கூடிய அரங்குகளில் இந்நாடகத்தின் காட்சிகள் வாசிக்கப்பட்டு வருவதற்கு இந்த உண்மையே போதிய காரணம்.

அஜாக்ஸ் தன் கேடயத்தை மகனுக்கு அளிக்கிறான். பிறகு அமைதியான குரலில், வாளை எங்கேனும் புதைத்துவிட்டுத் தூய்மையடைந்து வருவதாகச் சொல்கிறான். அவ்வமைதியை நலமென்று நம்பி அவனுடைய மாலுமிகள் களிக்கின்றனர். உடைமைகளைப் பகிர்ந்தளித்தலும் கொந்தளிப்புக்குப் பின் திடீரென வரும் சாந்தமும் விடைபெறலாக இருக்கக்கூடும் என்பதை அன்பு மிகுந்தவர்களும் காணத் தவறுவது பெருந்துயரம். தேவியின் சினம் அந்த ஒருநாள் மட்டுமே நீடிக்கும், அதுவரை அவனைக் கூடாரத்தை விட்டு வெளியேற விடாதீர்கள் என்று நிமித்திகன் கால்க்கஸ் சொல்லியனுப்பிய செய்தி வருவதற்குள் அவன் கடற்கரைக்குத் தனியே போய்விட்டிருக்கிறான்.