வேப்பேரி ஐயர்

ஊரை விட்டுப் புறப்படுவது ஒரு நாள் வேலை. போன ஊரில் இருந்துவிடுவது ஆயுள் முழுக்கச் செய்யும் வேலை. யோஹான் பிலிப் பெப்ரீசியஸ் என்ற லுத்தரன் போதகரை நினைக்கும்போதெல்லாம், அவர் கடல் கடந்து வந்ததைவிட, கடைசிவரை திரும்பிப் போகாததே என் மனத்தை நிறைக்கிறது.

ஜெர்மனியில் கிளேபெர்க் என்ற சிற்றூரில் 1711இல் பிறந்தவர். ஹாலேயில் இறையியல் படித்து, 1740இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தார். 1742இல் சென்னைக்கு மாறினார். அதன் பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இந்தக் கரைதான் அவருக்கு ஊர்.

அமைதியான ஐம்பது ஆண்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மிஷனின் ஆலயம் இடிந்தது. டச்சுக்காரர்களிடம் இருந்த பழவேற்காட்டில் போய்த் தஞ்சம் புகவேண்டி வந்தது. ஊர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்த 1749இல் வேப்பேரியில் ஓர் ஆலயம் கிடைத்தது. ஒன்பது ஆண்டு கழித்துப் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை முற்றுகையிட்டபோது வேப்பேரி சூறையாடப்பட்டது; மறுபடி பழவேற்காடு. எந்த ராஜாவின் சண்டையும் அவருடைய சண்டை அல்ல. ஆனாலும் மந்தை வீடிழந்தபோது மேய்ப்பனும் வீடிழந்தார். பரதேசியாக வந்தவருக்குச் சபையோடு உறவு ஏற்பட்டது பிரசங்க பீடத்தில் என்பதைவிட அந்த வழிநடையில் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சுக்கூடம் வந்ததும் போரின் வழியாகத்தான். 1761இல் புதுச்சேரி விழுந்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தை ஆங்கிலேயர் எடுத்து வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சு வேலைகளையும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது பெப்ரீசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. கொள்ளைப் பொருளில் வேதம் அச்சாவதை நினைத்தால் நெஞ்சு சற்று உறுத்தத்தான் செய்கிறது. சுத்தமான கருவி கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் உலகத்தில் எந்த ஊழியமும் தொடங்கியிராது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நான் கடவுள் முன் வைக்கிறேன்.

அந்த அச்சுக்கூடத்திலிருந்து 1779இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு தமிழர் வாயிலிருந்தோ ஓலையிலிருந்தோ அவருக்குக் கிடைத்தது. போதிக்க வந்தவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கும் தெரிந்த பெயர்களைத் தாம் மட்டும் தெரியாமல் நின்று கேட்பது லேசான காரியமா? அந்தத் தாழ்மையை எந்த இறையியல் கல்லூரியும் கற்றுத்தர முடியாது. வேற்று நாட்டுக்குப் போகும் போதகருக்கு அந்த நாடே அதைக் கற்றுத் தருகிறது.

புதிய ஏற்பாட்டையும் அவர் தமிழாக்கினார். வேதத்தை முழங்காலில் நின்றே மொழிபெயர்த்தார் என்று சபையில் சொல்வார்கள். லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையாக அதையே வாசித்தன. பொன் மொழிபெயர்ப்பு என்று பெயரும் வைத்தன. ஆனால் என் ஆத்துமாவை அதைவிட அதிகம் தொடுவது அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள்தான்.

கீர்த்தனைக்கு மிருதங்கமோ தபேலாவோ சேர்ந்தால் கை தானாகத் தாளம் போடும். ஞானப்பாட்டு வேறு விதம். ஆர்கன் முதல் அடியை வாசித்து நிறுத்தும். சபை எழுந்து நிற்கும். ஒவ்வோர் அசையையும் நிதானமாக இழுத்து, அடி முடிந்ததும் எல்லாரும் மூச்சு வாங்க நின்று, பிறகுதான் அடுத்த அடிக்குப் போவார்கள். மெட்டு ஜெர்மானிய மெட்டு. அதன் அசைக்கணக்கு மாறாது. குறிலும் நெடிலும் தமிழில் விழுகிற விதம் வேறு. ஒன்றை மற்றொன்றில் பொருத்த அவர் எத்தனை இரவு விழித்தாரோ. புத்தகத்தைத் திறக்காமலே பாடும் பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி கைப்பைக்குள் இருக்கும். ஏழெட்டுச் சரணமும் வாயில் வரும். அடக்க ஆராதனையில், பெட்டி மூடுவதற்கு முன், அழுதுகொண்டிருக்கும் வீட்டாருக்கு மற்றவர்கள் சேர்ந்து ஒரு ஞானப்பாட்டைப் பாடித் தாங்குவார்கள். அப்போது அது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

இவ்வளவோடு கதையை நிறுத்திவிடப் பலருக்கும் ஆசை. எனக்கு அதில் சம்மதமில்லை. பெப்ரீசியஸ் பண விவகாரம் அறியாதவர். கொடுக்கல் வாங்கலில் சிக்கினார், கடன் ஏறியது, முதுமையில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். வேதத்தைத் தமிழில் தந்த கை, கணக்குப் புத்தகத்தில் தோற்றுப்போனது. சபைக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவாக இருந்திருக்கும்! நம்பியவர்களுடைய மனக்காயத்தை அவருடைய பக்தியைச் சொல்லி ஆற்றிவிட முடியாது. அதை மூடி மறைப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

லுத்தரன் சபைகளுக்குப் பெயர் தந்த லுத்தர் 1546இல் இறந்தபோது அவருடைய கையெழுத்தில் ஒரு சீட்டு கிடைத்தது. கடவுள் முன்னால் நாம் எல்லாரும் இரப்பவர்களே என்பது அதன் கருத்து. லுத்தரன் போதகர்கள் அனைவரும் பிரசங்கிக்கிற உபதேசம் இதுதான்: நம் கிரியைகளால் அல்ல, கிருபையால். அதைப் பல ஆண்டு மற்றவர்களுக்குச் சொன்னவர் ஒருநாள் கையில் ஒன்றுமில்லாமல் சிறைச்சுவருக்குள் உட்கார்ந்து தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டி வந்தது. தாம் தமிழாக்கிய பாட்டுகளில் எதை அங்கே பாடினாரோ, அல்லது பாட முடியாமல் மௌனமாக இருந்தாரோ! அவர் மொழிபெயர்த்த எல்லாவற்றையும்விட அந்த இருப்பு எனக்கு நெருக்கமானது. நல்ல பெயரும் பலமும் போன பிறகும் அழைப்பு இருக்கிறதா என்ற கேள்வி போதகருக்கு மட்டும் உரியதல்லவே. வேலை போனவருக்கும், படுக்கையில் விழுந்தவருக்கும், பிள்ளைகள் முன் தலைகுனிந்த தகப்பனுக்கும் அந்தக் கேள்வி வருகிறது.

1788இல் மிஷன் பொறுப்பு கெரிக்கே என்ற இளையவரிடம் போனது. கிழவர் ஊருக்குக் கப்பலேறவில்லை. தோற்றுப்போனதை எல்லாரும் அறிந்த அதே ஊரில், தம்மைத் தெரிந்த அதே முகங்களுக்கு நடுவே, இன்னும் மூன்று ஆண்டு இருந்தார். 1791 ஜனவரியில் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி அச்சேறி முடிந்தது 1796இல்.