முற்பணம் யாருடைய பணம்?

வெள்ளவத்தையிலோ, கொட்டாஞ்சேனையிலோ, யாழ்ப்பாணப் பட்டினத்திலோ வாடகைக்கு வீடு தேடிச் செல்பவர் முதலிற் கேட்கும் சொல் 'அட்வான்ஸ்'. இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பணங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, முன்கூட்டியே செலுத்தப்படும் வாடகை. அது மாதந்தோறும் கழிந்து வீட்டுக்காரருக்கே சொந்தமாகும். மற்றது, உத்தரவாதமாக வைக்கப்படும் பணம். வாடகை நிலுவையும் வீட்டிற்குச் சேதமும் இல்லையெனில், வெளியேறும் நாளில் முழுமையாகத் திரும்ப வேண்டியது அது. இவ்விரண்டையும் பிரித்து எழுதிக்கொள்ளாமையாலேயே பல பிணக்குகள் எழுகின்றன.

உத்தரவாதம் கேட்பது தவறாகுமா? ஆகாது. வாழ்நாள் உழைப்பாற் கட்டிய வீட்டை முன்பின் அறியாதவரிடம் ஒப்படைப்பவருக்கு அச்சம் இருப்பது இயல்பே. மின்கட்டணத்தையும் நீர்க்கட்டணத்தையும் செலுத்தாமலே போய்விடுவோர் உளர். எனினும் அச்சத்தின் அளவே உத்தரவாதத்தின் அளவாக இருத்தல் வேண்டும். நேரக்கூடிய சேதத்திலும் பன்மடங்கு பெரிய தொகையைக் கேட்டால் அது உத்தரவாதம் அன்று, வட்டியில்லாக் கடனேயாம்.

நம்மவர் ஒற்றி முறையை நன்கறிவர். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலும் அதற்கு இடமுண்டு. ஒற்றியில் பணம் கொடுத்தவர், வட்டிக்கு ஈடாக நிலத்தின் பலனை அனுபவிப்பார். இரு தரப்பும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகின்றன. வாடகை வீட்டிலோ பெருந்தொகையை ஒப்படைத்தவர் மாத வாடகையையும் செலுத்துகிறார். தம் பணத்துக்கு வட்டியும் பெறுவதில்லை. வாங்குபவருக்கு மட்டுமே பலன் தரும் ஒற்றி இது.

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் அடகு வாங்குவதைத் தடைசெய்யவில்லை. அதற்கு எல்லை வகுக்கிறது. மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கலாகாது. கடன் கொடுத்தவர் மற்றவரின் வீட்டினுள் நுழைந்து அடகுப் பொருளை எடுக்கலாகாது. ஏழையின் போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஒருவர் எதைக்கொண்டு உயிர் வாழ்கிறாரோ அதை உத்தரவாதம் விழுங்கிவிடலாகாது என்பதே இவற்றின் உட்கருத்து. இரு ஆண்டு வாடகையை ஒருங்கே செலுத்துவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கும் குடும்பத்திடம் நாம் வாங்குவது எதை?

அடுத்த கேள்வி கழிவைப் பற்றியது. மூன்றாண்டு குடியிருந்த வீட்டிற் சுவர் நிறம் மங்கும். தண்ணீர்க் குழாய் தேயும். அந்தத் தேய்மானத்துக்கான விலைதான் வாடகை. உடைந்த யன்னற் கண்ணாடியோ சேதம். சேதத்திற்குக் கழிப்பது நீதி. மங்கிய சுவருக்கு வெள்ளையடிக்கக் கழிப்பது ஒன்றுக்கு இருமுறை விலை பெறுவதாகும்.

பணத்தின் பெறுமதியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. 2020இல் மூன்று இலட்சம் ரூபாவைக் கொடுத்து, 2023இல் அதே மூன்று இலட்சத்தைத் திரும்பப் பெற்றவர் எண்ணிக்கையில் ஒன்றும் இழக்கவில்லை. சந்தைக்குப் போனபோதே இழப்பை அறிந்தார். அப்பணத்தை வங்கியில் நிலையான வைப்பிலிட்டு வட்டி பெற்ற வீட்டுக்காரர், அதில் ஒரு பங்கையேனும் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லரோ?

குடியிருப்போருக்கும் கடமையுண்டு. "கடைசி இரண்டு மாத வாடகையை அந்தப் பணத்திற் கழித்துக்கொள்ளுங்கோ" என்று தாமாகவே தீர்மானித்து வாடகையை நிறுத்துவோர் உளர். சேதம் வெளிப்படும் வேளையில் வீட்டுக்காரரிடம் உத்தரவாதமே இல்லாமற் போகிறது. அவர் அந்த வாடகையைக் கொண்டே அடுப்பு எரிக்கும் விதவையாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், தனியார் வாடகை வீடுகளுக்குரிய இத்தகைய பணத்தை அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் ஒப்படைக்கவோ, அதன் கீழ்க் காப்புறுதி செய்யவோ வேண்டும். பிணக்கு எழுந்தால் நடுவர் ஒருவரிடம் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஐந்து வார வாடகையை உச்ச வரம்பாக்கியது. இலண்டனில் நம் உறவினர் பலர் இதை அனுபவத்தில் அறிவர். நம்மிடையேயோ பெரும்பாலும் பணத்தை வைத்திருப்பவரே நீதிபதியுமாகிறார்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரு தொகைகளையும் வேறு வேறாக எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். குடிபுகும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, கதவு, யன்னல், மின்மானி இலக்கம் அனைத்தையும் குறித்து ஒப்பமிடுங்கள். வெளியேறும் நாளில் அதே தாளைக் கையில் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

"பணம் இப்போது கையில் இல்லை, வேறு ஆள் வந்ததும் தருகிறேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர் ஒன்றை நினைவிற் கொள்ளட்டும்: அவர் செலவழித்தது தம் பணத்தை அன்று. வீடு கொடுப்போரும் எடுப்போரும் சிந்திப்பார்களாக.