வழி தவறி வந்த பொருள்

ஸ்ரீ:



குற்றாலத்து அருவியில் நீராடி, நெற்றியில் திருமண் துலங்க, எம்பெருமானின் திருவிழாவை ஸேவிக்கத் தென்காசிச் சீமைக்கு எழுந்தருளியிருக்கும் உங்கள் அனைவருக்கும் அடியேன் தண்டன் ஸமர்ப்பித்து ஒரு விஷயத்தை விண்ணப்பித்துக்கொள்கிறேன். பார்வைக்கு அது சிறியது. ஆராயப் புகுந்தால் நம் ஸம்ப்ரதாயத்தின் வேர்வரைக்கும் கொண்டுபோய் விடுவது.

சென்ற சாரல் காலத்தில் ஓர் அன்பர் அடியேனைத் தேடி வந்தார். தென்காசிக்கு அடுத்த சிற்றூரில் வேன் ஒன்று வைத்து ஓட்டுகிறவர். குற்றாலத்திற்கு வரும் தன் ஊழியர்களை அழைத்துச் செல்ல ஒரு கம்பெனி அவரை அமர்த்தியிருந்தது. ஒரு மாத வாடகை ரூபாய் 38,500 அவருடைய வங்கிக் கணக்கில் வரவாயிற்று. நான்கு நாள் கழித்து அதே தொகை மறுபடியும் வரவாயிற்று! கம்பெனியார் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இருபது நாள் கழிந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிற்று. அந்தப் பணத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று வந்திருந்தார்.

“ஸ்வாமி! நான் திருடவில்லை, பொய்க் கணக்கு எழுதவில்லை, தானாக வந்தது. அவர்களோ பெரிய கம்பெனி. இது போனது அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. போன வருஷம் எனக்கு வர வேண்டிய பணத்திற்கு மூன்று மாதம் அலைய விட்டார்கள். என் கஷ்டத்தைப் பார்த்துப் பெருமாளே கொடுத்தார் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? வேண்டுமானால் கால் பங்கை உண்டியலில் சேர்த்துவிடுகிறேன்” என்றார்.

இவ்வார்த்தைகள் அவர் ஒருவருக்கே உரியவை அல்ல. அதே நிலையில் நின்றால் நம் நெஞ்சும் இவற்றையே பேசும். ஆதலின் ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

‘தானாக வந்தது’ என்பது முதல் வார்த்தை. தானாக வந்ததெல்லாம் நம்முடையதாகுமா? ஸ்ரீமத் ராமாயணத்தில் பரதாழ்வானுக்கு ஒரு ராஜ்யமே தானாக வந்தது. வரம் கேட்டவள் தாய்; கொடுத்தவர் தந்தை; இவனோ கேகய நாட்டில் மாமன் அகத்தில் இருந்தான். அவன் கேட்கவுமில்லை, அறியவுமில்லை. திரும்பி வந்தபோது மந்திரிகளும் பெரியோர்களும் முடி சூட்டிக்கொள் என்றே வேண்டினார்கள். ‘என்மேல் என்ன பிழை?’ என்று அவன் சிங்காதனத்தில் அமர்ந்திருந்தால் ஊரார் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவன் கேட்ட கேள்வி வேறு. ‘இது யாருடையது?’ என்று கேட்டான். உடையவனைத் தேடிச் சித்திரகூடம் சென்றான். பெருமாள் திரும்பி வர இசையாதபோது திருவடி நிலைகளைப் பெற்று வந்து, நந்திக்கிராமத்தில் இருந்துகொண்டு பதினான்கு ஆண்டுகள் பிறர் பொருளாகவே அதைக் காத்தான். பெருமாள் மீண்டு எழுந்தருளிய அன்று கருவூலம், களஞ்சியம், சேனை யாவற்றையும் கணக்கோடு ஒப்புவித்து, யாவும் பத்து மடங்காகப் பெருகியிருப்பதை விண்ணப்பித்து, அந்தப் பெருக்கத்தையும் பெருமாளின் தேஜஸுக்கே உரியதாக்கினான். இதைச் சொல்லி மகிழ்பவர் வால்மீகி பகவான். பிழை செய்தவர் யார் என்பது ஒரு கேள்வி. பொருள் யாருடையது என்பது மற்றொரு கேள்வி. முதலாவதற்கு ‘நான் அல்லேன்’ என்று விடை சொல்லிவிட்டால் இரண்டாவதற்கும் விடை சொன்னதாகாது.

‘பெரிய கம்பெனி, தெரியாது’ என்பது இரண்டாவது வார்த்தை. நம் பொருநைக் கரையோரத்து நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு 1921-ஆம் ஆண்டு முதல் நடந்து வருவது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 2023 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில் அவ்வங்கி தவறுதலாக 9,000 கோடி ரூபாய் வரவு வைத்துவிட்டது. அப்போது அவர் கணக்கில் இருந்தது சுமார் நூறு ரூபாயே! யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றெண்ணிய அவர், சோதித்துப் பார்க்க 21,000 ரூபாயை நண்பருக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் வங்கி மீதியை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் யூகோ வங்கியில் ஏறத்தாழ 820 கோடி ரூபாய் பல ஆயிரம் பேர் கணக்குகளில் தவறாக வரவாயிற்று. சில நாட்களில் 649 கோடி மீண்டது. மீதிக்காகப் புலன் விசாரணை நடந்தது. மனிதர் எழுதும் கணக்கிலும் இயந்திரம் எழுதும் கணக்கிலும் பிழை நேரும். அது ஒரு நாள் வெளிப்படவும் செய்யும்.

சட்டமும் இதில் ஐயம் வைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில், தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று விதிக்கிறது. கொடுத்தவர் பெரியவரா, பெற்றவர் ஏழையா என்று அது பார்க்கவில்லை. பிறர் பொருள் என்று அறிந்தும் வஞ்சகமாகத் தனதாக்கிக்கொண்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 314-ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகலாம். ஆயினும் அன்பர்களே, அகப்பட்டுக்கொள்வோமே என்ற அச்சத்தால் திருப்புவது நமக்குப் பெருமையன்று. கம்பெனிக்குத் தெரியாமல் போகலாம். அந்தர்யாமியாய் நம் நெஞ்சிலேயே எழுந்தருளியிருப்பவனுக்குத் தெரியாமல் போகுமோ?

‘என்னை அலைய விட்டார்களே’ என்பது மூன்றாவது. இதில் நியாயமான வருத்தம் இருக்கிறது, அடியேன் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கணக்கு. பாக்கி இருந்தால் எழுதிக் கேட்க வேண்டும்; கொடாவிட்டால் வழக்காட வேண்டும். அவர்கள் கைதவறி விட்டதை எடுத்து நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாகாது. பெரியவர்களுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதியா என்று மனம் கேட்கலாம். நம் ஊர் தென்காசி. வடகாசியிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கிருந்த வணிக நிறுவனம் ஒன்று, தான் கட்ட வேண்டியிராத விற்பனை வரியைத் தவறாகக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்டது. 1958-இல் உச்ச நீதிமன்றம் அதே 72-ஆம் பிரிவைக் காட்டி, அரசே ஆனாலும் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விதி இருபுறமும் ஒன்றே.

‘பெருமாளே கொடுத்தார்’ என்பது நான்காவது. காலையில் நீராடினீர்களே, அந்த அருவியை நினைத்துப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் நீர் பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி, நம் தலையில் கொட்டுகிறது. நாம் கேட்காமலே கொட்டுகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறதா? சிற்றாறாகி ஓடி, வயல்களை நனைத்து, சீவலப்பேரியிலே பொருநையோடு கலந்து, முக்கூடல் அழகரின் ஸந்நிதியைத் தொட்டுக் கடலுக்குச் செல்கிறது. நம்மேல் விழுந்தது என்பதற்காக அருவியை நாம் மடக்கி வைத்துக்கொள்வதில்லை. அதுபோலச் சில பொருள்களை எம்பெருமான் நம் வழியாகச் செல்ல விடுகிறான். நாம் யார் என்று நமக்கே காட்டுவதற்காகவும் அவன் அப்படிச் செய்யலாம்.

ஐந்தாவது வார்த்தை உண்டியல். முக்கூடலுக்குக் கீழே அதே பொருநைக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளப்பிரான் எழுந்தருளியிருக்கிறார். கொள்ளையில் பாதியைத் தன் திருவடியில் வைத்துவந்த கள்வன் ஒருவனைக் காக்க, அவன் வடிவிலேயே அரசன் முன் எம்பெருமான் சென்றதாகத் தலபுராணம் கூறும். இதைச் சொல்லிக்காட்டுவாரும் உண்டு. அங்கே எம்பெருமான் ஆட்கொண்டது கள்வனை. களவை அவன் ஆட்கொள்ளவில்லை. உலகனைத்தும் உடைய திருமால், பிறர் பணத்தில் கால் பங்கு பெற்று முக்கால் பங்குக்கு இசைவு தருவானோ? நம்முடையது அல்லாத ஒன்றை ஸமர்ப்பிக்க நமக்கு அதிகாரமே இல்லை.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. களவுகளில் எல்லாம் பெரிய களவு எது என்று நம் பூர்வாசாரியர்கள் விசாரித்தார்கள். எம்பெருமானுக்கே உரிய ஆத்மாவை ‘என்னுடையது’ என்று நினைத்திருப்பதே அது. ஆத்மாபஹாரம் என்று அதற்குப் பெயர். இந்த ஆத்மவஸ்து அவன் சொத்து, அவன் ஸ்வாமி. சொத்து உடையவனிடம் சேருவதே சரணாகதி. எம்பெருமானாரை ‘உடையவர்’ என்று வாயாரச் சொல்லும் நாம், அடுத்தவன் உடைமையை அவனிடம் சேர்க்கத் தயங்கினால், ஆத்மாவை எப்படி ஒப்படைப்போம்? 38,500 ரூபாயைக் கைவிட முடியாதவனுக்கு ‘நான், எனது’ என்பதைக் கைவிட எங்கே பழக்கம் வரும்? பிழையாக வந்த பணத்தைத் திருப்புவது சரணாகதிக்கு ஒரு சிறு பயிற்சி.

திருப்புவதிலும் விவேகம் வேண்டும். ‘தவறி அனுப்பிவிட்டேன், உடனே திருப்பு’ என்று கைப்பேசியில் எவனோ அழைத்தால் அனுப்பிவிடாதீர்கள். அது வஞ்சகமாகவும் இருக்கலாம். வங்கிக்கோ கம்பெனிக்கோ நேரில் சென்று எழுத்தில் தெரிவித்து, அவர்கள் மூலமாகவே திருப்பி, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். செலவாகிவிட்டிருந்தால் மறைக்காமல் தவணை கேளுங்கள். கொடுத்தவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு. அந்தக் கார் ஓட்டுநர் அனுப்பிய 21,000 ரூபாயை வங்கி திரும்பக் கேட்கவில்லை என்று செய்தி வந்தது. தம் பிழையின்றி அதிகச் சம்பளம் பெற்றுவிட்ட கீழ்நிலை ஊழியரிடமும் ஓய்வு பெற்றவரிடமும் அதைப் பிடித்தம் செய்யலாகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் கருணை அவர்கள் காட்ட வேண்டியது, நாமாக எடுத்துக்கொள்வதன்று. சொல்லிவிடுவது நம் கடமை. விட்டுக்கொடுப்பது அவர்கள் பெருமை.

அந்த அன்பர் அன்று ஒன்றும் பேசாமல் சென்றார். ஆடி மாதத்தில் மறுபடி வந்தார். பணத்தைத் திருப்பிவிட்டாராம். மகளின் கட்டணத்திற்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்தாராம். கம்பெனியிலிருந்து பாராட்டு ஒன்றும் வரவில்லை. ‘கணக்கு நேர் செய்யப்பட்டது’ என்று இரண்டு வரி மட்டும் வந்தது. அதைக் காட்டி, “வளையலை மீட்க ஒரு வருஷம் ஆகும், ஸ்வாமி. ஆனால் அந்த இருபது நாளும் ஸந்நிதியில் கண் திறந்து ஸேவிக்க முடியவில்லை. இன்றைக்கு ஸேவித்தேன்” என்றார். அடியேன் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவரிடம் கற்றுக்கொள்ளவே இருந்தது.

திருவிழாவை ஸேவித்து அவரவர் ஊர் திரும்பும் அன்பர்களே! பிறருடையது ஏதேனும் நம் வீட்டில், நம் கணக்கில், நம் பெட்டியில் தங்கியிருந்தால் அதை உரியவரிடம் சேர்த்துவிட்டு அடுத்த ஆண்டு திருவிழாவிற்கு வருவோம். உடையவன் திருமுகத்தைக் கூசாமல் ஸேவிக்கும் பாக்கியத்தை அவனே நம் அனைவருக்கும் அருளுவானாக.

ஸர்வ மங்களங்களும் உண்டாகுக. சுபம்.