கெட்டுப்போன அறிவுக்குச் சாட்சி யார்?

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சென்னைக்குப் போகும் கார் ஒன்று, சூடேறியதும் திடீரென்று ஆஃப் ஆகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. பிக்கப் இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது. இப்படி வருகிற வண்டிக்குப் பட்டறையில் சட்டென்று கிடைக்கும் தீர்ப்புகளில் ஒன்று, 'ஈசிஎம் போச்சு' என்பது. சென்சார்கள் சொல்வதையெல்லாம் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் பொறி கொடுப்பது என்று முடிவெடுக்கிற கணிப்பொறிதான் ஈசிஎம். ஆகவே அந்தத் தீர்ப்பு, வண்டியின் அறிவே கெட்டுவிட்டது என்கிற தீர்ப்பு. அறிகிற கருவி கெட்டதை எதைக் கொண்டு அறிவது? மனிதர்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாக வாதாடிய ஊர் காஞ்சி. அந்த வாதங்களைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகிறது: அறிவு கெட்டது என்பது மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு வரவேண்டிய முடிவு. முதலிலேயே சொல்லப்பட்டால் அது வெறும் பழி.

மணிமேகலைக் காப்பியத்தில் நாயகி வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்டுவிட்டுக் கச்சிக்கு, அதாவது காஞ்சிக்கு வருகிறாள். அங்கே பௌத்த ஆசானான அறவண அடிகள் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது தியானமோ பூசையோ அல்ல, அளவை நூல், அதாவது தர்க்கம். காட்சி, கருத்து என்று இரண்டே அளவைகளை அவர் ஏற்கிறார். மற்றவை கருத்தளவையில் அடங்கும் என்கிறார். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று கருதுகிறோம். நெருப்புள்ள அடுக்களையில் புகையைப் பார்த்திருப்பது மட்டும் இதற்குப் போதாது. நெருப்பில்லாத இடத்தில் புகை இருக்கக் கூடாது. முன்னது சபக்கம், பின்னது விபக்கம். இந்த முறையைச் செம்மையாக வகுத்த திக்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. நாலந்தாவுக்குத் தலைமை தாங்கிய தருமபாலர் காஞ்சிக்காரர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். சபக்கம், விபக்கம் இரண்டிலும் காணப்படுகிற அடையாளத்துக்கு அநைகாந்திகம் என்று பெயர். அது ஏது, அதாவது முடிவை நிறுவும் காரணம், மாதிரி தோன்றும், ஆனால் ஏது ஆகாது. உதாரணமாக, பட்டுச் சேலையின் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிவதை அசல் ஜரிகைக்கு அடையாளம் என்பார்கள். ஆனால் போலியின் நூலுக்கும் யாரும் சிவப்புச் சாயம் ஏற்றலாம். சிவப்பை மட்டும் நம்பிச் சேலை வாங்கியவர் அநைகாந்திகத்தை நம்பியவர்.

இந்த அளவுகோலோடு மறுபடி காருக்கு வருவோம். சூட்டில் ஆஃப் ஆகி ஆறியதும் கிளம்புவது, ஈசிஎம் போர்டில் ஈயப் பற்றவைப்பு விண்டிருந்தாலும் நடக்கும், கிராங்க் சென்சார் பழுதானாலும் நடக்கும். பிக்கப் போய் மைலேஜ் குறைவதற்கு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ இன்ஜெக்டரோ போதும். பேட்டரி இறங்கியிருந்தாலோ எர்த் வயரில் துரு ஏறியிருந்தாலோ, நல்ல ஈசிஎம்மும் பைத்தியம் பிடித்ததுபோல நடந்துகொள்ளும். நாம் அடுக்கிய அடையாளங்கள் எல்லாமே அநைகாந்திகம். அப்படியானால் உண்மையான ஏது எது? சென்சார்களுக்கு ஈசிஎம் 5 வோல்ட் அனுப்புகிறது. அது வரவில்லை என்றால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பிவிட்டால் குற்றவாளி அந்த சென்சார். எல்லாவற்றையும் கழற்றியாயிற்று, வயரிங்கில் ஷார்ட் இல்லை, ஈசிஎம்முக்கு வரவேண்டிய கரண்டும் எர்த்தும் லோடு கொடுத்துப் பார்த்தும் சரியாக இருக்கின்றன, அப்போதும் 5 வோல்ட் இல்லை என்றால்தான் பழி ஈசிஎம்மின் மேல் விழலாம். இங்கே சபக்கத்தைவிட விபக்கமே அதிகம் உழைக்கிறது.

முப்பது வருஷம் கைபழகிய மெக்கானிக்குக் காதில் விழுந்தாலே தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், அந்தக் காதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காதுக்குப் பின்னால் இருப்பது, ஆயிரம் வண்டிகளில் எது பொருந்தியது, எது பொருந்தவில்லை என்ற கணக்குத்தான். கணக்கு வேகமாக நடப்பதால் காட்சி போலத் தோன்றுகிறது. இதைவிடக் கனமான மறுப்பு ஸ்கேனரிலிருந்து வருகிறது. பி0606 என்று ஒரு கோடு உண்டு. ஈசிஎம்மின் ப்ராசஸரிலேயே பழுது என்பது அதன் பொருள். கருவியே தன் கேட்டை ஒப்புக்கொள்ளும்போது வேறு சாட்சி எதற்கு? ஆனால் கெட்ட அறிவு தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அறிவு தன்னாலேயே செல்லும், மறுப்பு வரும்வரை அதை ஏற்கலாம் என்றார்கள் மீமாம்சகர்கள் என்னும் தத்துவ மரபினர். அதன் மெய்ம்மை வெளியிலிருந்துதான் உறுதியாக வேண்டும் என்றார்கள் நியாய மரபினரான நையாயிகர்கள். இன்றைய ஈசிஎம்களைச் செய்தவர்கள் இந்த விஷயத்தில் நையாயிகர் பக்கம். கணிப்பொறி திராட்டிலைத் தானே திறந்து மூடும் கார்களில், பிரதான ப்ராசஸரை இன்னொரு தனிச் சில்லு இடைவிடாமல் கேள்வி கேட்கிறது. குறித்த நேரத்தில் சரியான விடை வராவிட்டால் என்ஜினின் சக்தியைக் குறைக்கவோ பெட்ரோலை நிறுத்தவோ அதற்கு அதிகாரம் உண்டு. தன் கேட்டைத் தானே அறிவிப்பதுபோலத் தோன்றுகிற இடத்திலும் இப்படி வேறொரு சாட்சி உட்கார்ந்திருக்க முடியும்.

அந்தச் சாட்சிக்கு யார் சாட்சி என்று தொடர்ந்து கேட்டால் முடிவே இராதே? இதற்கு நையாயிகர் சொன்ன விடை பயனைப் பார் என்பது. தண்ணீர் என்று அறிந்தது தாகத்தைத் தீர்த்தால் அது தண்ணீர்தான். நல்ல ஈசிஎம்மைப் போட்டதும் கோளாறு மறைந்து, பழையதைப் போட்டதும் திரும்பி வந்தால் முடிவு உறுதி. இதையும் பார்த்துச் செய்ய வேண்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியின் கோடு பொருந்தாவிட்டால் நல்ல ஈசிஎம்மும் ஸ்டார்ட் ஆகாது. ஷார்ட் ஆன ஒரு காயில்தான் பழையதை எரித்தது என்றால், அது புதியதையும் எரிக்கும். அறிவு கெட்டதற்குக் காரணம் அறிவுக்கு வெளியேயும் இருக்கலாம் என்பதை இவ்வளவு கறாராகக் காட்டுகிற உதாரணம் எனக்கு வேறு தெரியவில்லை.

மனிதர்கள் விஷயத்துக்கு வந்தால், நமக்குப் பிடிக்காத சமயத்தைப் பின்பற்றுகிறவனைப் பார்த்து, 'புத்தி பேதலித்துப் போச்சு' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! அவன் கேட்டது என்ன, பட்டது என்ன, அவனுக்கு வந்து சேர்ந்த செய்தி சரியா தவறா என்று ஒரு வயரைக்கூடச் சோதிப்பதில்லை. அப்படியானால் பௌத்தம் மட்டும் என்ன செய்கிறது, எல்லோருடைய துன்பத்துக்கும் பேதைமையே, அதாவது அறியாமையே, மூலம் என்று அது ஒட்டுமொத்தமாகத் தீர்ப்புச் சொல்லவில்லையா? நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தீர்ப்பு அளவை நூலைக் கடந்த பிறகு, காப்பியத்தின் கடைசிக் காதையில்தான் விரிவாக வருகிறது. சொல்கிறவரையும் அது விட்டுவைப்பதில்லை. பேதைமையிலிருந்து செய்கை, செய்கையிலிருந்து உணர்வு என்று தோன்றும் வரிசையைச் சொன்ன கையோடு, பேதைமை நீங்கினால் செய்கை நீங்கும் என்று மீளும் வரிசையையும் அடிகள் சொல்கிறார். முன்னது சபக்கம் என்றால் பின்னதை விபக்கமாகவே நான் படிக்கிறேன். இந்தச் சோதனையை அடுத்தவர் மேல் நடத்த வழியில்லை, ஒருவர் தன்னிடத்தில்தான் நடத்திப் பார்க்க முடியும். அளவை நூலை முழுதும் கற்ற மணிமேகலை, வஞ்சியில் கேட்ட சமயக் கணக்கர்களை வெல்லத் திரும்பிப் போகாமல், கச்சியிலேயே நோன்பு ஏற்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.