பெயர்ப்பலகையும் அறமும்

பங்சாருக்குச் சிறிது தொலைவில், கோலாலம்பூர் நகரினுள் மகாராஜாலேலா சாலை உள்ளது. முன்னர் அதன் பெயர் பர்ச் சாலை. பேராவின் முதல் ஆங்கிலேய ரெசிடெண்டாகிய பர்ச், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்காக 1877இல் தூக்கிலிடப்பட்டவர் மகாராஜாலேலா. மாண்டவர் பெயரை நீக்கி, கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் பெயரைச் சூட்டுவது அறமாகுமா?

பர்ச் கடனடிமைகளுக்கு அடைக்கலம் தந்தார். வரி தண்டும் உரிமையைத் தலைவர்களிடமிருந்து பறித்து அந்நிய ஆட்சியையும் திணித்தார். மண்ணின் உரிமைக்காக எழுந்தவரைப் போற்றுதல் முறையே. ஆயினும் அதனால் கொலை அறமாகிவிடாது.

ஈப்போவில் 1909இல் எழுந்த பர்ச் நினைவு மணிக்கூண்டு, அதே வழக்கில் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயர் தாங்கிய வீதியில் இன்றும் நிற்கிறது. இரண்டையும் ஒருங்கே காணும் மாணவன், எவரையும் வணங்குமுன் இருதரப்பின் செயலையும் சீர்தூக்க வேண்டும். பெயர்ப்பலகை அதனைக் கற்பிக்காது. வரலாறு முழுவதையும் எடுத்துரைக்கும் ஆசிரியரே கற்பிக்க வேண்டும்.