அந்தப் பிள்ளைத்தாய்ச்சி என்ன ஆனாள்?

பிறர் படும் அவஸ்தையைப் பார்த்துச் சிரிக்கலாமா, கூடாதா என்பது பழைய கேள்வி. மழை நாளில் சேற்றிலே ஒருவர் வழுக்கி விழுகிறார். முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் ஓடிப் போய்த் தூக்கிவிடுகிறோம். சிரித்ததைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை. தூக்காமல் போனால்தான் பாவம். நானும் இத்தனை நாள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை வீட்டில் கழித்த மூன்று இரவுகள் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துவிட்டன.

தங்கையின் மகன் கல்லூரி மாணவன். "மாமா! நீங்கள் கதை எழுதுகிறவர். இதை அவசியம் பார்க்க வேண்டும்" என்று ஒரு தொடர் நாடகத்தை டெலிவிஷனில் போட்டான். 2021-ஆம் வருஷம் அமெரிக்காவில் எச்.பி.ஓ. நிறுவனம் ஒளிபரப்பிய 'தி ஒயிட் லோட்டஸ்' என்ற நாடகம் அது. மொத்தம் ஆறு பகுதிகள். இரவுக்கு இரண்டாகப் பார்ப்பது என்று ஏற்பாடு. கூடத்தில் நான், என் மனைவி, தங்கை, மைத்துனர், பையன் எல்லோரும் உட்கார்ந்தோம். மூலையில் சுவரோரமாக என் அத்தை. எண்பதைத் தாண்டியவள், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. "எல்லாரும் முழித்திருக்கும்போது நான் மட்டும் படுத்து என்ன செய்ய?" என்று அவளும் வந்து அமர்ந்தாள்.

நாடகம் ஒரு விமான நிலையத்தில் ஆரம்பமாகிறது. புது மாப்பிள்ளை ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மனைவியைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே விமானத்தில் ஒரு சவப்பெட்டியை ஏற்றுகிறார்கள். உடனே கதை ஒரு வாரம் பின்னால் போகிறது. ஹவாய்த் தீவுகளில் ஓர் உல்லாச ஹோட்டல். பணக்கார விருந்தாளிகள் படகிலே வந்து இறங்குகிறார்கள். கரையில் சிப்பந்திகள் வரிசையாக நின்று, முகம் நிறையப் புன்னகையோடு கையசைக்கிறார்கள்.

சவப்பெட்டியைக் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்கினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் கூடத்தில் பந்தயம் ஆரம்பமாயிற்று. செத்தது புதுப்பெண்தான் என்றார் மைத்துனர். தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்க வந்திருக்கும் அந்தக் குடிகாரச் சீமாட்டி என்றாள் என் மனைவி. தனக்குப் புற்றுநோயோ என்று பயந்துகொண்டிருக்கும் குடும்பஸ்தர் என்றேன் நான். ஆளுக்கொரு விருந்தாளியைக் கொன்று பார்த்தோம்.

அந்த வாரம் முழுவதும் விருந்தாளிகளுக்குப் போதாத காலம். புது மாப்பிள்ளைக்கு அவன் கேட்ட அறை கிடைக்கவில்லை. ஹோட்டல்காரர்கள் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள். கிடைத்த அறையும் அரண்மனை போலத்தான் இருக்கிறது. ஆனாலும் தேனிலவை மறந்துவிட்டு மானேஜரோடு மல்லுக்கு நிற்கிறான். கல்யாணமாகிச் சில நாள் கூட ஆகாத பெண், இவனை ஏன் கட்டிக்கொண்டோம் என்று ஏங்குகிறாள். இன்னொரு குடும்பத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பழைய மனஸ்தாபம். பெண்ணும் அவள் சிநேகிதியும் எல்லோரையும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். சொர்க்கம் போன்ற கடற்கரையில் இவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "இத்தனை பணம் இருந்து என்ன பிரயோசனம்!" என்று என் தங்கை சொன்னபோது, அவள் குரலில் துயரம் துளியும் இல்லை. ஒருவித நிம்மதிதான் இருந்தது.

கடைசிப் பகுதியில் விடை தெரிந்தது. செத்தது விருந்தாளி யாரும் இல்லை, ஹோட்டல் மானேஜர். வருஷக்கணக்காகக் குடியை விட்டிருந்த மனுஷன். விருந்தாளிகளின் பிடுங்கலிலும் தன் பலவீனத்திலும் மறுபடி அதில் விழுகிறான். வேலை போகப் போகிறது என்று தெரிந்ததும், வஞ்சம் தீர்க்க அந்த மாப்பிள்ளையின் அறைக்குள் புகுந்து அசிங்கம் செய்கிறான். திருடன் என்று பயந்து கத்தியை எடுத்த மாப்பிள்ளை, அவனை எதிர்பாராமல் குத்திவிடுகிறான். வழக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் விமான நிலையத்துக்குப் போகிறான். மனைவியும் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறாள்.

"அப்பாடா! கடைசியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை!"

இதைச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? மற்றவர் தலையில் போட எனக்கும் ஆசைதான். சொன்னது நான். வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. ஒருவன் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறேன்! மூன்று இரவுகள் ஆறு பகுதிகளைப் பார்த்த நாங்கள் ஐந்து பேரும், பந்தயத்தில் சிப்பந்திகளில் ஒருவரைக் கூடச் சேர்க்கவில்லை. அவர்களுக்குச் சாவு வரலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் அத்தை கேட்டாள்: "ஏண்டா, அந்தப் பிள்ளைத்தாய்ச்சி என்ன ஆனாள்?"

எங்களுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. முதல் பகுதியில், புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் கரையிலே மானேஜரின் பக்கத்தில் நிற்கிறாள். 'நீ இன்னார் என்று தனியாகத் தெரியக் கூடாது. புன்னகையோடு பொதுப்படையாக நில்' என்ற பொருள்பட அவளுக்கு அவன் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அவளோ நிறைமாதக் கர்ப்பிணி. வேலை வேண்டும் என்பதற்காக அதை மறைத்து வந்திருக்கிறாள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்கிறாள். மறைக்க முடியாமல் போய், அன்றே மானேஜரின் அறையில் பிள்ளை பெறுகிறாள். அந்தப் பகுதியோடு சரி. அப்புறம் அவள் முகம் திரையில் வரவேயில்லை.

"பெற்றது ஆணா பெண்ணா? வேலை திரும்பக் கிடைத்ததா? நேற்றே கேட்கணும் என்று இருந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு இருந்தீர்கள்" என்றாள் அத்தை.

பாஷை தெரிந்த நாங்கள் வசனத்தைப் பின்தொடர்ந்தோம். யார் பேசினார்களோ அவர்களே எங்களுக்கு மனிதர்கள். பாஷை தெரியாத அத்தை முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்த நாடகம் 2022-ல் 10 எம்மி விருதுகளைப் பெற்றது. பணக்காரர்களின் அகம்பாவத்தைத் தோலுரித்துக் காட்டுகிறது என்று உலகமே கொண்டாடியது. ஆனால் கொண்டாடியவர்கள் அடுத்தபடி என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். அது மௌயித் தீவில் வைலேயா என்ற இடத்தில் உள்ள நிஜமான ஹோட்டல். 2020-ல் கொரோனாவால் மூடிக் கிடந்தபோது அங்கே படம் பிடித்தார்கள். அடுத்த தொடர் 2022-ல் சிசிலித் தீவின் தாவோர்மினா நகரில் நடந்தது. மூன்றாவது 2025-ல் தாய்லாந்தில். ஒவ்வொரு முறையும் அந்த அந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டு ஜனங்கள் கிளம்பினார்கள். இப்படிப் போனால் மனிதன் சீரழிவான் என்று காட்டிய நாடகமே, போவதற்கு விளம்பரமாகிவிட்டது.

இது போலித்தனம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணக்காரர்களைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில், அவர்கள் நாற்காலி காலியானால் நாம் உட்காரலாமே என்ற நப்பாசையும் கலந்திருந்தது. 'இத்தனை பணம் இருந்து என்ன பிரயோசனம்' என்றால், 'எனக்கிருந்தால் பிரயோசனப்படுத்துவேன்' என்று அர்த்தம். அந்தச் சிரிப்பை நான் நியாய உணர்ச்சி என்று நினைத்தேன். அது விருந்தாளி விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. நின்றுகொண்டிருக்கிறவனுக்கு அதில் இடம் கிடையாது.

நாடகத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஹோட்டலில் வேலை பார்க்கும் ஒரு ஹவாய் இளைஞன் வருகிறான். ஹோட்டல் நிற்கும் நிலமே தங்களுடையது என்று அவன் குடும்பம் போராடுகிறது. விருந்தாளியாக வந்த பெண் ஒருத்தி, உனக்கு நியாயம் கிடைக்கட்டும் என்று அவனைத் திருடத் தூண்டுகிறாள். அவன் பிடிபடுகிறான், அவள் ஊர் திரும்புகிறாள். எந்தத் தம்பதியின் அறையில் திருடினானோ அவர்களுடைய பழைய மனஸ்தாபம் அந்தக் கலவரத்திலேயே தீர்ந்துவிடுகிறது! அவன் பிடிபட்ட காட்சி கூடத் திரையில் இல்லை. செய்தியாகக் காதில் விழுகிறது. ஹவாய்க்கு ஒரு ராணி இருந்தாள். 1893-ல் அவளைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-ல் அமெரிக்கா நாட்டைச் சேர்த்துக்கொண்டது, 1959-ல் மாநிலமாக்கியது. அந்த மண்ணின் மைந்தனை ஒதுக்கிவிட்டு வந்தவர்களின் மனக்கஷ்டத்தையே ஆறு பகுதியும் காட்டலாமா என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஒதுக்கப்படுவதைக் காட்டுவது வேறு, ஒதுக்குவது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மிக மெல்லியது. எழுதுகிறவனாகிய எனக்கு அது தெரியும். என் நாவல்களில் எத்தனை பேர் காப்பித் தம்ளரை வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே போயிருக்கிறார்கள்! போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த வாசகரும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கதையில் மட்டுமா? 2023 ஆகஸ்டில் அதே மௌயித் தீவில் லஹைனா நகரம் தீப்பிடித்து எரிந்து, நூறு பேர் அளவில் மாண்டார்கள். இரண்டு மாதத்திற்குள் அந்தப் பகுதியை உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட முடிவாயிற்று. பயணிகள் வந்தால்தான் பிழைப்பு என்றார்கள் சிலர். வீட்டையும் உறவையும் பறிகொடுத்துவிட்டு அதற்குள் எப்படிச் சிரித்துப் பரிமாறுவது, கொஞ்சம் பொறுங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மனுக் கொடுத்தார்கள். குறித்த நாளில் திறந்துவிட்டார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹவாய்த் தீவுக்காக அல்ல. அவ்வளவு பெரிய மனசு எனக்குக் கிடையாது. எங்கள் கொடைக்கானல் பிரயாணம் நினைவுக்கு வந்தது. பல வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழியில், மூன்று குடும்பங்கள், பதினான்கு பேர், ஒரு வேன். வழியில் டயர் வெடித்தது. மலையேறும்போது குழந்தைகள் வாந்தி. விடுதியில் வெந்நீர் இல்லை. குளிரில் பல் கிட்டித்தது. சீட்டாட்டத்தில் சண்டை மூண்டு இரண்டு மைத்துனர்கள் ஒரு வருஷம் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிச் சிரிக்கிற கதை அது. நானே நன்றாகச் சொல்வேன். என் கதையில் டிரைவர் ஒரு முசுடு. திரும்பும் வழியெல்லாம் இருமிக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்தார் என்று அவரைப் போல நடித்துக் காட்டுவேன். கைதட்டல் கிடைக்கும்.

அவர் மூன்று இரவும் எங்கே படுத்தார்? அறை எடுத்தபோது பதினான்கு பேருக்குத்தான் கணக்குப் பார்த்தோம். வேனில்தான் படுத்திருக்க வேண்டும். அறைக்குள் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு நாங்கள் பட்ட குளிர் இத்தனை வருஷமாகக் கதையாகி வருகிறது. அவர் ஏன் இருமினார் என்பது எனக்கு அன்றிரவுதான் தெரிந்தது. பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். விடியும் வரை வரவில்லை.

பிறர் அவஸ்தையைப் பார்த்துச் சிரிப்பது குற்றமா என்று ஆரம்பித்தேன். சிரிப்பில் குற்றம் இருப்பதாக இன்னமும் நான் நினைக்கவில்லை. ஆனால் யாருடைய அவஸ்தை நம் கணக்கில் அவஸ்தையாகவே ஏறவில்லை என்று சிரித்து முடித்த பிறகாவது ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

காலையில் அத்தை காப்பியோடு வந்து மறுபடியும் கேட்டாள். "அவள் என்ன ஆனாள் என்று நாடகத்தில் சொல்லவில்லை, அத்தை" என்றேன்.

"அதெப்படிச் சொல்லாமல் விடுவான்? நீயாவது யாரையாவது விசாரித்துச் சொல்லு" என்றாள்.

சரி என்றேன். எழுந்து போய் மைத்துனருக்குப் போன் செய்து, அந்தக் கொடைக்கானல் வேன் யார் மூலம் ஏற்பாடு செய்தது என்று கேட்டேன். சீட்டாட்டத்தில் சண்டை போட்ட மைத்துனர்தான். "இப்போது எதற்கு அது?" என்றார் அவர்.